மன்னார்க்காரன் சொன்ன செபம்

ஓமானில் நான் வேலை பார்த்த மீன் கம்பெனியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கொச்சி, சிட்டகாங், கராச்சி என்று எங்கள் முகாமில் ஊர்கள்தான் நடமாடிக்கொண்டிருந்தன. நான் ராமேஸ்வரம். நான் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் கழித்து ஒருவன் வந்தான். அவன் மன்னார். இன்றைக்கும் என் போனில் அவன் எண் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரனுக்கு மன்னார் என்றால் என்ன என்று மற்றவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். தனுஷ்கோடி முனையில் நின்றால் மதுரையை விட அந்தக் கரைதான் பக்கம். செல்போனில் இலங்கை டவர் எடுத்து வரவேற்பு மெசேஜ் வரும். சண்டைக் காலத்தில் அங்கிருந்து தப்பி வந்து மண்டபம் முகாமில் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கரையிலிருந்து கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்த ஒருவனோடு நான் பேசியதே இல்லை. எங்கள் படகுகளும் அவர்கள் படகுகளும் ஒரே தண்ணீரில்தான் போகும். பேச்சு மட்டும் கிடையாது.

கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் திரும்பி, "சோறு முடிஞ்சுதோ?" என்று கேட்டான். மலையாளி என்று நினைத்தேன். பிறகுதான் அது தமிழ் என்று உறைத்தது. இரண்டு பேரும் தட்டை எடுத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"நீங்கள் எவடம்?" என்றான்.

"ராமேஸ்வரம். நீங்க?"

"நான் மன்னார்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவன்தான் மறுபடி வாயைத் திறந்தான். அவர்கள் பக்கத்தில் சிறிய படகுதான். இரவு வலையை விரித்துவிட்டு விடியலில் போய் எடுப்பார்கள். எங்கள் விசைப்படகுகள் எல்லை தாண்டி வந்து அரித்துக்கொண்டு போன போது அவன் வலையும் சேர்ந்து போயிருக்கிறது. ஒரு தடவை இல்லை, பல தடவை. கடைசியில் வலை வாங்கச் சக்தியில்லாமல்தான் ஓமானுக்கு வந்திருக்கிறான்.

"உங்கட றோலர் வந்துபோனா கடலில ஒண்டும் மிஞ்சாது" என்றான். எங்கள் விசைப்படகைத்தான் அப்படிச் சொன்னான்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எங்க ஆளுகளப் பிடிச்சு உள்ள வைக்கிறது யாரு? படகப் பிடிச்சு வச்சுக்கிட்டு மக்க வைக்கிறது யாரு?" என்றேன். என் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டான். அதன்பிறகு பல வாரம் நாங்கள் பேசவில்லை. அவன் மீனைத் தரம் பிரித்து ஐஸ் பெட்டியில் அடுக்குகிற பகுதியில் இருந்தான். நான் ராமநாதபுரத்தில் ஐ.டி.ஐ. படித்தவன் என்பதால் குளிர் கிடங்கின் கம்ப்ரஸர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. வழியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் ஒதுங்கிப் போவோம்.

என் கோபத்துக்கு வலை மட்டும் காரணம் இல்லை. அவனைப் பார்த்தால் எனக்குக் கடல் ஞாபகம் வந்தது. கடல் ஞாபகம் வந்தால் அய்யா ஞாபகம் வரும்.

எங்கள் அய்யா ஒரு விசைப்படகில் கூலிக்குப் போனவர். எனக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு நாள் வடகடலில் போன படகு திரும்பவில்லை. திடீரென்று காற்று மாறி படகு கவிழ்ந்திருக்கிறது. இரண்டு பேரை வேறு படகுக்காரர்கள் உயிரோடு தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் உடல் கரை ஒதுங்கியது. அய்யா மட்டும் எதுவாகவும் வரவில்லை.

நான் பிறந்து வளர்ந்த தெரு அக்னி தீர்த்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காசியிலிருந்தும் கன்னட தேசத்திலிருந்தும் ஜனங்கள் ரயில் ஏறி வந்து, செத்துப்போன அப்பன் ஆத்தாளுக்கு எங்கள் கடலில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுப் போகிறார்கள். நாட்டில் இருக்கிறவனெல்லாம் திதி கொடுக்க வருகிற ஊரில் என் அய்யாவுக்குத் திதி இல்லை. அம்மா விடவில்லை.

அய்யாவின் அண்ணன், எங்கள் பெரியய்யா, வருஷா வருஷம் வந்து பேசிப் பார்த்தார். "ஆத்மா அலையும் ஆத்தா. காரியத்த முடிச்சிருவோம்" என்பார்.

அம்மா ஒரே பதிலைத்தான் சொல்லுவாள். "கண்ணால பாக்காத சாவுக்கு நான் எப்படி எள்ளுத்தண்ணி இறைக்கிறது? அந்த மனுசன் எங்கயாவது கரையேறிக் கெடந்தார்னா? உசுரோட இருக்கவருக்குப் பிண்டம் வச்ச பாவம் யாருக்கு?"

பெரியய்யா போனபிறகு கண்ணாடி முன்னால் நின்று பொட்டைச் சரிசெய்துகொள்வாள். தெருவில் சிலர் அதைப் பார்த்து முணுமுணுத்தார்கள். அவளுக்கு அது காதில் விழுந்தது. கழுத்துக் கயிறு நைந்துபோனால் புதுக் கயிறு மாற்றிக்கொண்டாள்.

நான் பெரியய்யா பக்கமும் பேசவில்லை, அம்மா பக்கமும் பேசவில்லை. எனக்குச் சாமி மேல்தான் கோபம். இத்தனை பெரிய கோயிலை ஊர் நடுவில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருக்காரனைக் காப்பாற்ற முடியவில்லையே என்று இருந்தது. கோயிலுக்குள் போவதை நிறுத்தினேன். கடலுக்குப் போகக்கூடாது என்று படிப்பை முடித்தேன். பல வருஷம் கழித்து வெளிநாடு கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். வீட்டுக்குப் போன் செய்தால் உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதற்கு மேல் பேசினால் அய்யா பேச்சு வரும் என்று பயம்.

ஓமான் போன இரண்டாவது வருஷம் கோடை தொடங்கிய சமயத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் நெஞ்சிலும் முதுகிலும் முத்து முத்தாகப் புறப்பட்டுவிட்டது. அம்மை. கம்பெனி டாக்டர் வாசலில் நின்றபடியே பார்த்தார். மாத்திரையும் பூச்சு மருந்தும் கொடுத்துவிட்டு, தனியாக வைக்கச் சொன்னார். முகாமின் கடைசியில் பழைய சாமான் போட்டிருந்த ஒரு தகர அறையைக் காலி செய்து என்னை அங்கே விட்டார்கள். என் அறைக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் யாருக்கும் அம்மை வந்ததில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுப்பார்கள். எழுந்து எடுக்க எனக்குத் தெம்பில்லை.

அன்று மாலை கதவு திறந்தது. மன்னார்க்காரன் நின்றான். ஒரு கையில் சுருட்டிய மெத்தை. இன்னொரு கையில் பை நிறைய வேப்பிலை. ஓமானில் சாலையோரமெல்லாம் வேம்பு நிற்கும். கிளையை ஒடித்ததற்கு நகராட்சிக்காரன் திட்டினான் என்று பிறகு சொன்னான்.

"எனக்குச் சின்னனிலேயே வந்திட்டுது. பயமில்லை" என்று சொல்லிவிட்டு, என் கட்டிலில் வேப்பிலையைப் பரப்பி மேலே வெள்ளைத் துணியை விரித்தான். "எங்கட பக்கம் இதுக்கு அம்மாள் வருத்தம் எண்டு பேர். நாங்கள் வேதக்காரர்தான். எண்டாலும் எங்கட அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தா இப்பிடித்தான் செய்வா. உங்கட அம்மா இஞ்ச இருந்தா இதைத்தானே செய்திருப்பா?"

நான் தலையை ஆட்டினேன்.

வேலை முடிந்ததும் நேராக அங்கேதான் வருவான். கஞ்சி காய்ச்சிக் கொடுப்பான். அரிப்பு தாங்காமல் நான் கையைக் கொண்டுபோனால் வேப்பங்கொத்தால் மெல்லத் தடவிவிடுவான். இளநீர் கிடைக்காத ஊரில் எங்கேயோ அலைந்து வாங்கிவந்தான். பிறகு சுவர் ஓரமாக மண்டியிட்டுச் செபமாலையை உருட்டுவான். வாய்க்குள்தான் சொல்லுவான். முடிகிற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் வெளியே கேட்கும். "இருந்தா காப்பாத்தும். இல்லாட்டி இளைப்பாற்றியைக் குடும்." தினமும் அதேதான். இளைப்பாற்றி என்றால் செத்தவர்களுக்குக் கேட்கிற நிம்மதி என்று பிறகுதான் தெரிந்தது.

காய்ச்சல் உச்சத்தில் நான் அய்யாவைக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்கு அது நினைவில்லை. காய்ச்சல் இறங்கிய பிறகு ஒரு மத்தியானம், வெள்ளிக்கிழமை விடுமுறை அன்று, அவன் கேட்டான்.

"உங்கட அப்பா இருக்கிறாரோ?"

சொன்னேன். அதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. படகு, காற்று, கரை ஒதுங்கிய மற்றவர், பெரியய்யா, அம்மா, பொட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவன் ஒரு வேப்பிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒரு அண்ணன்" என்றான். "மேசன் வேலைக்கு வன்னிக்குப் போனவன். சண்டை முடியிற நேரம் அங்க அகப்பட்டுட்டான். பேந்து ஒரு தகவலும் இல்லை. முகாமில அவனைக் கண்டம் எண்டு ஒராள் சொன்னார். செத்திட்டான் எண்டு இன்னொராள் சொன்னார். அம்மா அவன்ர படத்தைத் தூக்கிக்கொண்டு போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை. இண்டைக்கும் போறா."

"நீங்க என்ன நினைக்கிறீங்க? இருக்காரா?"

"தெரியேல்ல."

"அப்ப சாமிகிட்ட என்னன்னு கேப்பீங்க?"

"நான் சொல்லுறது உங்களுக்குக் கேட்டிருக்கும்தானே" என்றான். "ரண்டையும் சேர்த்துத்தான் கேக்கிறன். முந்தி எனக்கும் குழப்பம். உயிரோட இருக்கிறவனுக்கு இளைப்பாற்றி கேட்டா அது பிழை. செத்தவனைக் காப்பாத்து எண்டு கேட்டா அது விசர்க்கதை. கொஞ்சக் காலம் செபமே சொல்லாம விட்டிட்டன். பேந்துதான் யோசிச்சன். எது எண்டு எனக்குத்தான் தெரியாது. அவருக்குத் தெரியும்தானே? நான் ரண்டையும் சொல்லுறன். எது வேணுமோ அதை அவர் எடுக்கட்டும்."

அவன் அதைப் பெரிய விஷயம் மாதிரிச் சொல்லவில்லை. எழுந்து போய்க் கஞ்சியைச் சுடவைத்தான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் நடந்த சண்டை அது. இருக்கிறாரா இல்லையா என்று முடிவு செய்தால்தான் சாமியிடம் பேசலாம் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். முடிவு தெரியாமலே பேசலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முத்து இறங்கியதும் அவனே மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் காய்ச்சி எனக்கு ஊற்றினான். அதற்குப் பிறகு நாங்கள் நீங்கள் வாங்கள் என்று பேசவில்லை. அவன் என்னை மச்சான் என்றான். நான் அவனை மாப்ள என்றேன். கம்பெனியில் கேட்டு ஒரே அறைக்கு மாறிக்கொண்டோம்.

வலைப் பேச்சு அதோடு தீர்ந்துவிடவில்லை. ஊரிலிருந்து ஏதாவது செய்தி வந்தால் இரண்டு பேருக்கும் முகம் இறுகும். ஆனால் இப்போது எழுந்து போய்விடுவதில்லை. அவன் தரப்பை அவன் சொல்லுவான். நான் கேட்பேன். ஒரு தடவை, எங்கள் அய்யா போன படகும் அந்தப் பக்கம் போய் வலையை அரித்திருக்கும் என்று நானே சொன்னேன். கூலிக்குப் போனவர், அவர் கையில் எதுவும் இல்லை என்றும் சொன்னேன். "எனக்கு விளங்குது மச்சான்" என்றான். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று.

எங்கள் அறையில் ஒரு அலமாரித் தட்டில் அவர்கள் பக்கத்து மடுக் கோயில் மாதா படம் வைத்திருந்தான். அவன் செபம் சொல்லும்போது நான் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். முதலில் சும்மாதான். வாயைத் திறக்கமாட்டேன். அவனும் வா என்றோ சொல் என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை மஸ்கட் போனவன் அங்கே இருக்கிற சிவன் கோயில் வாசலில் விபூதிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து அதே தட்டில் மாதா பக்கத்தில் வைத்தான். "உன்ர ஆளையும் வச்சிருக்கிறன்" என்றான். அன்றைக்கு நான் பல வருஷத்துக்குப் பிறகு நெற்றியில் விபூதி வைத்தேன்.

அம்மாவோடு பேசுகிற பேச்சும் மாறியது. அய்யா பேச்சு வந்தால் நான் போனை வைக்கவில்லை. நானே கேட்டேன். அய்யாவுக்குப் பிடித்த குழம்பு எது, கல்யாணத்தன்று அவர் என்ன பேசினார் என்றெல்லாம் கேட்டேன். அம்மா முதலில் தயங்கினாள். பிறகு ஒரு நாள் சிரித்துக்கூடப் பேசினாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவரைப் பற்றிப் பேச ஒரு ஆள். நான் அது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் மன்னாரில் அவன் அம்மா இறந்துபோனார். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். எவ்வளவோ ஓடியும் நடக்கவில்லை. வீடியோ காலில்தான் அடக்கத்தைப் பார்த்தான். தங்கச்சி வீட்டுக்காரர் போனைப் பிடித்திருந்தார். படம் ஆடிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் அந்த அம்மாவின் நெஞ்சின் மேல் அண்ணன் படத்தை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

அன்றோடு செபம் நின்றது. மண்டியிடுவதில்லை. செபமாலையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டான். வேலைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்துப் படுப்பான். நான் ஒரு தடவை அந்தத் தட்டைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாம் மச்சான்" என்றான். "அவ கேட்டது பெரிய விசயமே? இருக்கிறானா, இல்லையா எண்டு ஒரு சொல். கண் மூடுறதுக்கு முந்தி அதைச் சொல்லியிருக்கலாம்தானே? யாருக்கு என்ன நட்டம்?"

என்னைத் தூக்கி நிறுத்தியவன் விழுந்து கிடக்கிறான், எனக்கு அவனைத் தூக்கத் தெரியவில்லை என்று இருந்தது. ஊரில் சாவு வீட்டில் என்ன சொல்லுவோம்? எல்லாம் விதி என்போம். அதை அவனிடம் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் வழக்கமாகச் செபம் சொல்லுகிற நேரம் வந்தது. அவன் கட்டிலில் கிடந்தான். நான் எழுந்துபோய் அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றேன். அவர்கள் மந்திரம் எனக்குத் தெரியாது. எங்கள் தேவாரமும் எனக்குப் பாதிதான் வரும். என் பேச்சிலேயே சொன்னேன். "மாப்ளயோட அண்ணன் இருந்தா நல்லபடியா வச்சுக்க. இல்லைன்னா அவருக்கு நல்ல எடம் குடு. எங்க அய்யாவுக்கும் அதேதான். இவங்க அம்மா இப்ப அங்கதான் வந்திருக்காங்க. அவங்களுக்கு நீயாவது தகவலச் சொல்லு."

சொல்லி முடித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலில் அசைவே இல்லை.

தினமும் சொன்னேன். அவன் நம்பிக்கையை அவன் திரும்ப எடுக்கிறவரை நான் அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அவனுக்காகத்தான் ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அது எனக்கும் ஆகிவிட்டது. அய்யா காணாமல் போன நாளிலிருந்து நான் சாமியிடம் நியாயம்தான் கேட்டிருக்கிறேன். இன்னொருவருக்காக ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

எத்தனை நாள் கழித்து என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மாலை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ மண்டியிடுகிற சத்தம் கேட்டது. அவன் கையில் செபமாலை இல்லை. நான் முடித்ததும் "ஆமென்" என்றான். அவ்வளவுதான். பிறகு சாப்பிடப் போனோம்.

ஒப்பந்தம் முடிந்ததும் நான் ஊருக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாளில் அவனும் மன்னாருக்குத் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். வந்த முதல் வாரமே பெரியய்யா வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. கண் கலங்கிப் பேசினார். "நான் இருக்கும்போதே எந்தம்பிக்கு ஒண்ணு செஞ்சிரணும்டா" என்றார். அவர் பிடிவாதத்துக்குப் பின்னால் இருந்தது வெறும் சாஸ்திரம் இல்லை, தம்பியின் பிரிவு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அம்மாவையும் அவரையும் உட்கார வைத்து மன்னார்க்காரனைப் பற்றிச் சொன்னேன். அம்மை கண்டது, வேப்பிலை, அவன் அண்ணன், அவன் அம்மா, அந்தச் செபம் எல்லாம் சொன்னேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டையும் சேத்தா?" என்றாள்.

"ஆமா. சேத்துத்தான்."

"அப்படிக் கேக்கலாமா?"

"அவன் கேக்குறான். நானும் கேட்டேன்."

பெரியய்யா, "சாஸ்திரத்துல அப்படியெல்லாம் இல்லப்பா" என்றார். பிறகு அவரே, "இல்லாட்டி என்ன, கேட்டுட்டுப் போவோம்" என்றார்.

அந்த ஆடி அமாவாசைக்கு மூன்று பேரும் அக்னி தீர்த்தத்துக்குப் போனோம். கூட்டம் நெரிந்தது. பிண்டம் வைக்கவில்லை. புரோகிதரையும் கூப்பிடவில்லை. அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கும்பிட்டாள். என்ன சொன்னாள் என்று அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பெரியய்யா பக்கத்தில் நின்று தன் தம்பி பெயரைச் சத்தமாக மூன்று தடவை சொல்லி முழுகினார். நனைந்த துணியோடு கோயிலுக்குள் போனோம். அம்மா பொட்டை அழிக்கவில்லை. பெரியய்யாவும் அதைக் கேட்கவில்லை.

கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வருஷம் ஒருமுறை ராமேஸ்வரத்திலிருந்து படகு போகும். அந்தக் கரையிலிருந்தும் வருவார்கள். பாஸ்போர்ட் வேண்டாம். பெயர் கொடுத்து வைத்தால் போதும். இந்துக்களும் நிறையப் பேர் போவார்கள். மன்னார்க்காரன் போனில், "இந்த முறை நான் யாழ்ப்பாணம் போய் வள்ளம் ஏறி வாறன். நீயும் வா மச்சான்" என்றான்.

அம்மாவிடம் சொன்னேன். "நானும் வாரேன்" என்றாள். நம்ப முடியவில்லை. அய்யா போனதிலிருந்து அவள் படகுத்துறைப் பக்கமே வந்ததில்லை. ஏறும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். படகு கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டாள். பாதி தூரத்தில் தானாகவே கண்ணைத் திறந்து தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

தீவில் சோதனையெல்லாம் முடிந்து மணலில் ஏறினோம். முட்செடிகளுக்கு இடையில் ஜனங்கள் வேட்டியையும் சேலையையும் கட்டி நிழல் செய்திருந்தார்கள். அங்கிட்டு ஆட்கள் சோப்பும் தேங்காய் எண்ணெயும் விற்றார்கள். நம் ஆட்கள் சேலை விற்றார்கள். அந்தக் கூட்டத்தில் அவன் எங்களை முதலில் பார்த்துவிட்டான். ஓடி வந்தவன் என்னை விட்டுவிட்டு அம்மா முன்னால் நின்றான்.

அம்மாதான் பேசினாள். "நீதானாய்யா எம்புள்ளைக்கு அம்மை போட்டிருந்தப்ப பாத்துக்கிட்டது? வா ராசா."

அவன் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். தன் அம்மாவின் அடக்கத்தில் அழாதவன் அங்கே அழுதான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழாதே என்று சொல்லவில்லை.

பிறகு நிழலில் உட்கார்ந்து அம்மா கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். அம்மா அவன் பர்ஸிலிருந்த அண்ணன் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். சுருக்குப்பையிலிருந்து அய்யா படத்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைத் துணியில் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தான்.

மறுநாள் காலைப் பூசையில் இரண்டு கரைச் சனமும் கலந்து நின்றது. கடலில் போய் வராதவர்களுக்காகவும் காணாமல் போனவர்களுக்காகவும் மன்றாடுவோம் என்று சாமியார் சொன்னார். எல்லோரும் தலை குனிந்தார்கள். அம்மாவுக்கு அந்த வழக்கம் தெரியாது. நம் கோயிலில் தீபாராதனை பார்க்கிறவள் போல இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டுத் தானும் கையைத் தூக்கினாள்.

அடுத்த வருஷமும் அம்மா பெயர் கொடுக்கச் சொன்னாள். போனோம். அந்த வருஷம் அவன் வரவில்லை. மனைவிக்குப் பிரசவ நேரம். பெண் குழந்தை பிறந்திருந்தது. அம்மா ராமநாதபுரம் கடைத்தெருவில் அலைந்து ஒரு சின்னப் பாவாடை சட்டை வாங்கி வந்திருந்தாள். தீவில் மன்னார்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை விசாரித்துப் பிடித்து, இன்ன தெரு, இன்னார் வீடு என்று நான் சொல்ல, அவளிடம் கொடுத்தனுப்பினோம். முன்பின் தெரியாதவள் கொடுப்பாளா என்று எனக்குச் சந்தேகம். அம்மாவுக்கு அது இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனில் படம் வந்தது. சட்டை குழந்தைக்கு ரொம்பப் பெரிசாக இருந்தது. கை இரண்டும் துணிக்குள்ளேயே ஒளிந்துகொண்டன. அம்மா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "வளந்துரும்ல, போடட்டும்" என்றாள்.